நெய்வேலிக்கு எடுத்துப்போன மனு

காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டைவிட்டுப் புறப்பட்டேன்.

சேத்தியாத்தோப்புக்கு மேற்கே நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அங்கிருந்து நெய்வேலி டவுன்ஷிப் மொத்தமே முப்பது கிலோமீட்டர்தான். காலையில் போனால் பொழுதுசாயத் திரும்பிவிடலாம். அந்த முப்பது கிலோமீட்டரைப் போய்ச் சேர எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. நெய்வேலிக்குப் போகாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். போனவர்கள் அவரவர் பார்த்ததை வைத்துக்கொள்ளுங்கள். இது நான் பார்த்தது.

கையில் ஒயர்க்கூடை. அதில் எங்கள் வயலில் விளைந்த உளுந்து இரண்டு படி. வெறுங்கையோடு என் தங்கை வீட்டுப் படி ஏறுகிறவள் இல்லை நான். உளுந்துப் பைக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு மனு. கலெக்டருக்கு இல்லை, சாமிக்கு.

என் மகன் சேகருக்கு முப்பத்தாறு வயது. இரண்டு வருஷம் முன்பு வரை அறுவடை மெஷின் ஓட்டினான். இப்போது இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. கூடத்தில் கட்டில் போட்டிருக்கிறோம். விடியுமுன்னே நானும் மருமகள் மல்லிகாவும் சேர்ந்து அவனைப் புரட்டித் துடைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, துணி மாற்றிவிடுவோம். அன்றைக்கும் அதை முடித்துவிட்டுத்தான் புடவை மாற்றினேன்.

"எங்கம்மா, தனம் சித்தி வூட்டுக்கா?" என்று கேட்டான்.

"உளுந்து கொடுத்துட்டு வரேன்."

"உளுந்து மட்டும் கொடு. என்னப் பத்தி எந்தச் சாமிகிட்டயும் போய் நிக்காத. அதுங்களுக்கு என் பேரே அலுத்துப்போயிருக்கும்."

மல்லிகா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். அவன் சொன்னதில் தப்பில்லை. இந்த இரண்டு வருஷத்தில் நான் போகாத கோயில் இல்லை. மொட்டை போட்டேன். நாற்பத்தெட்டு நாள் ஒருபொழுது இருந்தேன். மாரியம்மன் வாசலில் இலை இல்லாமல் தரையில் சோற்றைப் போட்டு மண்சோறு தின்று, ஒரு வாரம் வயிறு கெட்டுக் கிடந்தேன். அப்போது அவனைப் புரட்ட மல்லிகா ஒருத்தியால் முடியவில்லை. அதனால் அவனுக்கு முதுகில் புண் வந்தது. சாமிக்குச் செய்தது பிள்ளைக்குப் புண்ணாக முடிந்தது.

காலை ஆறரை மணி, சேத்தியாத்தோப்பு. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் நின்றது. கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினேன்.

"உள்ள வைய்யி ஆயா. உனுக்கு ஃப்ரீ" என்றார் கண்டக்டர்.

"நான் யார்கிட்டயும் சும்மா வாங்கறதில்ல."

"நானும் யாருக்கும் சும்மா கொடுக்கல ஆயா. கவர்மெண்டு கொடுக்குது. ஒனக்கு ஒருத்திக்கு டிக்கெட் கிழிச்சா என் வேலை போய்டும். எம் பொண்டாட்டி புள்ளைங்கள நெனைச்சாவது சும்மா வா."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். பணத்தை உள்ளே வைத்தேன். அவர் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடுகிற பஸ்ஸில் ஒன்றையும் பிடிக்காமல், காலை அகட்டி வைத்து என்னமாய் நடக்கிறார். இரண்டு வருஷமாக எனக்கு ஆட்களின் கால்தான் முதலில் தெரிகிறது. முகம் அப்புறம்.

வடலூர் பதினைந்து கிலோமீட்டர் என்றார்கள். வழியில் ஒரு தரைப்பாலம் வரும். அங்கேதான் விழுந்தார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு இரண்டு பேர் ஒரே வண்டியில் வந்தார்கள். ஓட்டியது என் தங்கை மகன் ரவி. பின்னால் உட்கார்ந்தது என் மகன் சேகர். நாய் குறுக்கே வந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ரவிக்குத் தலையில் அடி, நினைவில்லை. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். சேகர் பேசினான், தண்ணீர் கேட்டான். "காலு மரத்துப்போன மாதிரி இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னான். தனம் வராண்டாத் தரையில் புரண்டு அழுதபோது நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன். அவள் தலையைத் தடவிக்கொண்டே, என் பிள்ளை பேசுகிறான், இவள் பிள்ளை பேசவில்லை என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. அவள் புருஷன் நெய்வேலிச் சுரங்கத்தில் பர்மனெண்ட், குவார்ட்டர்ஸ், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர். அவர் போன பிறகு மகனுக்கும் வேலை. இதிலாவது நான் ஒரு படி மேலே என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் ரவி கண்ணைத் திறந்தான். பத்தாம் நாள் என்னைத் தனியே கூப்பிட்டு, சேகருக்குக் கால் வராது என்றார்கள்.

தரைப்பாலம் வந்தது. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றிருந்தேன். மூடுவதற்குள் பஸ் தாண்டிவிட்டது. நாலு தப்படி நீளம்கூட இருக்காது.

காலை ஏழே கால், வடலூர். பஸ் நிற்குமுன்பே பாதிப்பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் போட்டுக்கொள்ளவில்லை. அன்றைக்கு எனக்குப் பேச வேண்டியது வேறு சாமியிடம். டீ பன்னிரண்டு ரூபாய். பொறை ரொட்டி இரண்டு, பத்து ரூபாய். நெய்வேலி போகும் தனியார் பஸ்ஸில் பதினைந்து ரூபாய் டிக்கெட் எடுத்தேன். இங்கே என் காசை வாங்கிக்கொண்டார்கள்.

அந்தப் பாதையில் தூரத்தில் மண்மலைகள் தெரியும். மலை என்றால் சாமி வைத்த மலை இல்லை. சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண். தனத்தின் புருஷனுடைய ஊர் கம்மாபுரம் பக்கம். ஊரோடு சுரங்கத்துக்குள் போய்விட்டது. அந்த ஊர் ஐயனாரைக்கூட எடுத்துவந்து வேறு இடத்தில் கொட்டகை போட்டு வைத்தார்கள். அவர்களுடைய சாமிக்கும் குவார்ட்டர்ஸ் கிடைத்தது என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வேன். பாதி வேடிக்கை, பாதி வயிற்றெரிச்சல்.

காலை எட்டேகால், டவுன்ஷிப். போகாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்ச்சுக்குள் நுழைந்ததும் வேறு தேசம். கோடு போட்டதுபோல் சாலை. இரண்டு பக்கமும் தூங்குமூஞ்சி மரம் கைகோத்து நிற்கிறது, வெயில் சல்லடையில் சலித்ததுபோல் விழுகிறது. தெருவுக்குப் பேர் இல்லை, எல்லாம் ப்ளாக், எண். எங்கள் ஊரில் மழை வந்தால் எந்த வீட்டு வாசலில் தண்ணீர் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கே எந்த வாசலிலும் நிற்காது போலிருக்கிறது. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. இந்த வெளிச்சம் முழுக்க நம் பக்கத்து மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்த கரிதானே, அதில் எனக்கு ஒரு மர நிழல்கூட இல்லையே என்று.

ஆட்டோக்காரர் எழுபது ரூபாய் என்றார். அறுபதுக்கு இறங்கினார்.

"எந்த ப்ளாக் பாட்டி?"

"பாட்டின்னு கூப்புடாத."

"சரிங்க மேடம்."

"மேடமும் வேணாம்."

"அப்ப எப்படித்தாங்க கூப்பிடறது?"

"கூப்புடாமலே ஓட்டு. வாய் பேசினாத்தான் வண்டி ஓடுமா?"

அவர் அதற்குப் பிறகு இறங்கும்வரை பேசவில்லை. இறங்கும்போது கூடையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிட்டு, "வர்றேங்க பெரியவங்களே" என்றார். அதை ஒத்துக்கொண்டேன்.

தனத்துக்கு அறுபத்து நாலு வயது. என்னைவிட ஏழு வயது சின்னவள். வாசலில் கீரைப்பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டாள்.

"வாக்கா! ஒரு போன் பண்ணியிருந்தா ரவி லீவு போட்டுட்டு ஆர்ச் கேட்டுக்கே வந்திருப்பான்ல?"

"ஏன், எனக்குக் கால் இருக்குது."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று வரவில்லை. வந்துவிட்டது. அவள் முகம் செத்துப்போயிற்று. கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். ரவி காலை ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், அவளும் வீட்டில் இல்லை. தனம் இட்லியும் வடகறியும் வைத்தாள். நன்றாகத்தான் செய்வாள். சாப்பிட்டுக் கை கழுவும்போது குழாயைத் திருகினேன். தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. கொஞ்ச நேரம் வேண்டுமென்றே மூடாமல் விட்டேன்.

பிறகு கவரை எடுத்துப் பிரித்தேன்.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நாற்பது வயதுக்கு மேலே அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றேன். இந்த மனுவை எழுத நாலு நாள் ஆயிற்று. எங்கள் பக்கத்தில் மனு என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். நிலம், பட்டா, வாய்க்கால் தண்ணீர் என்று வாழ்நாள் முழுக்க மனுவோடு நின்றவர்கள் நாங்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், இணைப்பு. இணைப்பு இல்லாத மனு குப்பைக்குத்தான் போகும். அதனால் சேகரின் ஆதார் நகல், ஊனமுற்றோர் சான்று நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு நகல் எல்லாம் பின் அடித்து வைத்திருந்தேன். ஜெராக்ஸ் நாலு பக்கம், எட்டு ரூபாய்.

டவுன்ஷிப்பில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. அங்கே நடராசர் சன்னிதிப் பக்கம் ஒரு பெட்டி. யாருக்கு என்ன குறையோ அதைத் தாளில் எழுதிப் போட்டால், சாமி முன்னால் வைத்துப் படித்துவிட்டு எரித்துவிடுவார்கள். அடிபட்ட மூன்றாம் நாள் தனம் அதில் மனு போட்டாள், ஒன்பதாம் நாள் பிள்ளை எழுந்தான். இது எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் அவளே சொல்லியிருக்கிறாள். கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு பற்றி எரியும். நான் மண்ணில் சோறு தின்றேன், இவள் ஒரு தாள் எழுதினாள். இவளுக்கு வீட்டுக்குப் பக்கத்தில் ஆபீஸ் வைத்திருக்கிற சாமி.

மனுவில் எல்லாம் எழுதிவிட்டு நடுவே ஆறு வரி இடம் விட்டிருந்தேன்.

"தனம், நீ அன்னிக்குப் பெட்டில போட்டியே, அதுல இன்னா எழுதின? அப்படியே சொல்லு. ஒரு எழுத்து மாறக்கூடாது. இங்க எழுதிக்கறேன்."

அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அதெல்லாம் யாருக்குக்கா ஞாபகம்."

"ஊர் பூரா சொன்னியே."

"மனு போட்டேன்னுதான் சொன்னேன். இன்னா எழுதினேன்னு யாருகிட்ட சொன்னேன்?"

உள்ளே போய் மிக்ஸியைப் போட்டாள். அரைக்க ஒன்றும் இல்லாமல் அது வெறுமனே கத்தியது. எனக்குப் புரிந்துவிட்டது. சொல்லமாட்டாள். வடகறி கைப்பக்குவம் சொல்லாததுபோல, பலித்த வார்த்தையையும் தனக்கென்று வைத்துக்கொள்வாள். அப்படித்தான் நினைத்தேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அவள் சாமி மாடத்தில் விளக்கு காய்ந்து கிடந்தது. படத்துக்குப் போட்ட பூ எந்த மாதத்துப் பூ என்று தெரியவில்லை.

பிற்பகல் இரண்டரை மணிக்கு ரவி வந்தான். சைக்கிளில் வந்தான். அதற்குப் பிறகு அவன் மோட்டார் வண்டி தொடுவதில்லையாம். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். முதலில் ஷூ, பிறகு கரி படிந்த பேண்ட், முழங்கால். வாசல்படியை ஒரே எட்டில் தாண்டினான். எனக்கு இன்னொரு தரம் தாண்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வேண்டாம் என்றும் இருந்தது.

"பெரிம்மா" என்றான். காதுக்கு மேலே நீளமாக ஒரு தழும்பு, அங்கே முடி முளைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் ஒரு தரம்கூட என் வீட்டு வாசலுக்கு வராதவன். நன்றிகெட்டவன் என்று மல்லிகாவிடம் எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறேன்.

"நல்லா இருக்கியாடா?"

"ம்." தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். பாதியில் எழுந்து போய்விட்டான்.

நாலே முக்காலுக்குக் கூடையோடு கோயிலுக்குக் கிளம்பினேன். தனம் வரவில்லை என்றாள். வழி காட்டு என்றேன். ஆட்டோ நாற்பது ரூபாய். கோயில் வாசல்வரை வந்தவள், வெளியே மரத்தடி மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ள வாடி."

"நீ போய்ட்டு வா. நான் செருப்பைப் பார்த்துக்கறேன்."

இருபது ரூபாய்க்கு ஒரு முழம் மல்லி வாங்கினேன். பூக்காரி என் கையிலிருந்த கட்டைப் பார்த்தாள்.

"மனுவாம்மா? என்னா இவ்ளோ கனமா இருக்குது?"

"இணைப்பு இருக்குது. ஆதாரு, சர்டிபிகேட்டு."

"அய்ய, சாமிக்கு ஆதாரு எதுக்குமா?"

"ஊர்ல எத்தினி சேகரு இருப்பான்? மாத்தி வேற சேகருக்குக் கொடுத்துட்டா?"

சிரிக்க வாயைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். முழத்துக்கு மேலே இன்னும் நாலு விரல் பூ வைத்துக் கொடுத்தாள்.

நடராசர் பெரிய உருவம். நான் பார்த்ததிலேயே பெரியது. தீபம் காட்டினார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குக் கால்தான் தெரிந்தது. ஒரு காலை ஊன்றியிருக்கிறார், அடுத்த காலைத் தூக்கி வைத்திருக்கிறார். சதங்கை கட்டிய கால். ஒரு கால் நிற்கப் போதும், இன்னொரு கால் ஆடுவதற்கென்றே இருக்கிறது. என் பிள்ளைக்கு இரண்டும் கட்டிலில் கட்டைபோல் கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் சாமியைப் பார்த்து எனக்குப் பயம் வந்திருக்கிறது, அழுகை வந்திருக்கிறது. பொறாமை வந்தது அன்றைக்குத்தான். கை கூப்பத் தோன்றவில்லை. பூவை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பொண்ணு சுவரில் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். பரீட்சையாக இருக்கும். எழுதினாள், போட்டாள், துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். எனக்கு அந்த ஆறு வரி இன்னும் காலியாக இருந்தது. வெளியே வந்து தனத்தின் முன்னால் நின்றேன்.

"தோ பாரு. உன் காலுல வேணும்னாலும் வுழறேன். இன்னா எழுதின, சொல்லிடு."

நான் அப்படி யாரிடமும் பேசியதில்லை. அவளுக்கும் தெரியும். என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"அதை எழுதிடாதக்கா. நான் எழுதினதை நீ எழுதிடாத."

"ஏன்?"

"எம் புள்ளைய உட்டுடு, அதுக்குப் பதிலா வேற எதை வேணும்னாலும் எடுத்துக்கோன்னு எழுதினேன். அவ்ளோதான் எழுதினேன். வேற எதை வேணும்னாலும். எங்கிட்ட இருக்கற வூடு, நகை, என் உசுரு, அதைத்தான் நெனைச்சிகினு எழுதினேன். அவன் கண்ணத் தொறந்த மறுநாளே நீ அழுதுகினு வந்து சேகருக்குக் கால் வராதாம்டின்னு சொன்ன. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு எதை எடுத்துக்கினாருன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அதிலேருந்து நான் உள்ள போகல. ஊருக்கு மட்டும் சாமி காப்பாத்திச்சுன்னு சொல்லிகினு திரியறேன். வண்டி ஓட்டினவன் எழுந்துட்டான், பின்னாடி உக்காந்தவன் படுத்துட்டான்னு யாரும் கேட்டுடக் கூடாதுல்ல."

என் கை தானாக ஓங்கியது. அறைந்திருப்பேன். அறையவில்லை. உள்ளே கோபத்தோடு கூட இன்னொன்றும் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சந்தோஷம் மாதிரி ஒன்று. இரண்டு வருஷமாக ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இதோ பதில். சாமி காது கேட்காதவர் இல்லை. கேட்டார், படித்தார், ஒருத்திக்குக் கொடுத்தார், ஒருத்தியிடம் எடுத்தார். நான் பொறாமைப்பட்டது பொய்யில்லை. என் தங்கைதான் என் பிள்ளை காலை எழுதிக் கொடுத்தாள்.

அவளைப் பார்த்தேன். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கீரைப்பாத்தி, குழாய்த் தண்ணீர், வடகறி என்று பார்த்துப் பார்த்து வயிறெரிந்த நான், காலையிலிருந்து இந்தக் கழுத்தைப் பார்க்கவில்லை. இவள் இரண்டு வருஷமாகத் தூங்கியிருக்கமாட்டாள்.

கட்டைப் பிரித்துக் கடைசித் தாளை எடுத்தேன். ஆஸ்பத்திரிச் சீட்டு.

"உனக்குப் படிப்பு அதிகம்தானே. தேதியப் படி."

தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தாள். "பதினாலு."

"விழுந்த அன்னிக்கி சாயங்காலம் எடுத்த படம் அது. எலும்பு நொறுங்கிப்போயி நரம்பு அறுந்துபோச்சுன்னு அதுலயே எழுதியிருக்குது. எங்கிட்டதான் பத்து நாளு சொல்லாம வச்சிருந்தாங்க. நீ மனு போட்டது என்னிக்கி?"

"பதினாறு."

"அப்ப?"

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "சாமிக்கு முன்னாடி பின்னாடின்னு உண்டாக்கா? நான் எழுதப்போறது அவருக்கு முன்னாடியே தெரியாதா?"

உள்ளே மணி அடித்தது. அடித்து முடியும்வரை இருந்தேன்.

"ஒரு தாயி பதறிப்போயி எழுதின சொல்லப் புடிச்சிகினு இன்னொருத்தி புள்ளை காலை எடுக்கறவன் சாமியா இருக்கமுடியாது தனம். அப்படி ஒருத்தன் இருந்தா அவனுக்கு நான் பூவும் வைக்கமாட்டேன், மனுவும் போடமாட்டேன். உன் மனுவ அவரு படிக்கல. யாரும் படிக்கல. ரவி பொழைச்சது டாக்டருங்க கையி. சேகருக்குப் போனது நாயி குறுக்க வந்ததால. அவ்ளோதான்."

"நெஜமாவா சொல்ற?"

"நெஜமாதான்."

அவள் அழுதாள். வராண்டாவில் அழுததுபோல் இல்லாமல், சத்தமில்லாமல் அழுதாள். அழுது முடித்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, என் கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள்.

"அப்ப, உன் மனு?"

அவள் வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை. ஆனால் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. நான் எழுந்து உள்ளே போய் இதைப் பெட்டியில் போட்டால், சாமி படிக்கிறார் என்று ஆகிவிடும். படிக்கிறார் என்றால் அவளுடையதையும் படித்தார். இன்றைக்கு ராத்திரியிலிருந்து மறுபடியும் இவள் தூங்கமாட்டாள். போடாமல் போனால் என் பிள்ளைக்கென்று நான் வைத்திருந்த கடைசி வாசலை நானே சாத்துகிறேன்.

ஒருவேளை படிப்பவராக இருந்தால்? வாசலைத் தாண்டினால் பெட்டி. எழுந்து நின்றேன். தனமும் கூடவே எழுந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாள்களை மடித்துக் கவரில் போட்டேன். கவரைக் கூடையில் போட்டேன். "செருப்பை எடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றேன்.

நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் ஸ்டாண்டு வரும்வரை உள்ளுக்குள் அவளைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். கடைசியில் இதையும் அவளே வாங்கிக்கொண்டாள், என் மனுவைக் கொடுத்து இவள் தூக்கத்தை வாங்கித் தந்தேன் என்று. சாமி இல்லை என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் தெரியாது. அன்றைக்கு அந்த மரத்தடியில் என் தங்கையும் சாமியும் ஒரே பக்கம் நிற்க முடியாது என்று ஆயிற்று. தங்கைதான் கண்ணுக்குத் தெரிந்தாள்.

மாலை ஆறு மணி, டவுன்ஷிப் பஸ் ஸ்டாண்டு. ரவி சைக்கிளில் வந்து நின்றான். நான் மறந்துவிட்டு வந்த டப்பாவாம், வடகறி போட்டு எடுத்துவந்திருந்தான். நான் டப்பா எதுவும் கொண்டுபோகவில்லை. தனத்துடைய டப்பா. அவளைப் பார்த்தேன், அவள் வேறு பக்கம் பார்த்தாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். ரவி ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"பெரிம்மா, சேகரப் பாக்க வரட்டுமா? அம்மாதான் போகாதன்னு சொல்லிச்சு. உன்னப் பாத்தா பெரிம்மாவுக்கு வயிறு எரியும்னு."

தனம் அவன் தோளில் அடித்தாள். "டேய்!"

"எரியும்தான்" என்றேன். "எரியட்டும், நீ வா. எனக்கு எழுபத்தொரு வயசாவுது. அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி ரெண்டு வருஷமாச்சு, தொடைச்சுதான் உடறோம். ஞாயித்துக்கெழமை வந்து தூக்கு."

"வாரா வாரம் ஆஃப்புக்கு வரேன் பெரிம்மா."

"மொதல்ல இந்த வாரம் வா."

பஸ் புறப்பட்டது. விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. எங்கள் ஊரில் அந்நேரம் கரண்ட் போகும். இங்கே போகாது. சாலை, மரம், தண்ணீர், வெளிச்சம் எல்லாவற்றையும் திரும்ப ஒரு முறை பார்த்துக்கொண்டே வந்தேன். காலையில் வந்த ஆத்திரம் அதே அளவில் இருந்தது. ஒரு நாளில் குறைகிற சாமானா அது.

பஸ்ஸில் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் சேகர் கேட்பான், எந்தச் சாமியிடம் போனாய் என்று. மனு போடவில்லை என்று சொல்லிவிடுவேன். அவனுக்கு அது சந்தோஷமாக இருக்கும், எனக்கு எப்படி இருக்கும் என்று இப்போது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ரவி வருவான். வாசலில் செருப்பைக் கழற்றுவான். அங்கிருந்து கட்டிலுக்கு எங்கள் கூடத்தில் எட்டு அடி. அதை அவன் நடந்து போவான், சேகர் படுத்தபடி பார்ப்பான். அந்நேரம் அடுப்படியில் வேலை இருக்கிறது என்று நான் எழுந்து போகமாட்டேன். எட்டு அடியையும் நின்று பார்ப்பேன்.